சிரப்புக்கு 3 நட்சத்திரம், பெட்டிக்குள் இருந்த தாளுக்கு 1

செருப்புக்கும் ஹெட்போனுக்கும் பக்கம் பக்கமாக ரிவ்யூ எழுதுகிறோம், குழந்தை வாயில் ஊற்றுகிற மருந்துக்கு ஏன் ஒருவரும் எழுதுவதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கேள்வி உண்டு. இப்போது நானே எழுத வேண்டிய நிலை வந்துவிட்டது. மருந்து கிளாரித்ரோமைசின் என்ற ஆண்டிபயாடிக், பொடியாக வந்து வீட்டில் தண்ணீர் கலந்து சிரப் ஆக்கிக்கொள்கிற வகை. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்தது ஒரு கம்பெனியின் குறை இல்லை, அந்த மருந்துக்கே உள்ள குணம், அப்புறம் அதைப் பற்றி நமக்குத் தகவல் வந்து சேருகிற லட்சணம்.

என் மகளுக்கு 6 வயது. 12 நாளாக வறட்டு இருமல், விட்டு விட்டுக் காய்ச்சல். டாக்டர் மார்பில் வைத்துக் கேட்டுவிட்டு, மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியாக இருக்கலாம் என்றார். அந்தக் கிருமிக்கு செல்சுவரே கிடையாதாம், பென்சிலின் வகை மருந்துகள் செல்சுவரைத்தான் உடைக்கும், ஆகவே அவை இதன் மேல் வேலை செய்யாது, அதனால்தான் இது என்று விளக்கினார். எனக்குப் பிடித்த டாக்டர், காரணம் சொல்லித்தான் எழுதுவார். இந்தக் கதையில் அவர் வில்லன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பாட்டில். கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக், தண்ணீர் எதுவரை ஊற்ற வேண்டும் என்று கோடு தெளிவாக இருந்தது. பொடியைத் தட்டி உதிர்த்துவிட்டு, பாதித் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, பிறகு மீதியை ஊற்றினால் கட்டி தட்டாமல் கலக்கும். ஒரே அடியாக ஊற்றினால் அடியில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் முதல் நாள் தண்ணியாகவும் கடைசி நாள் கெட்டியாகவும் போகும், அதாவது குழந்தைக்கு முதல் நாள் மருந்து குறைவு, கடைசி நாள் அதிகம். குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத மூடி, அதற்கு ஒரு பாராட்டு. கூடவே வந்த பிளாஸ்டிக் சிரிஞ்ச் நன்றாக இருந்தது, அரை மில்லி கூடத் துல்லியமாக எடுக்கலாம். வீட்டுக் கரண்டியில் மருந்து ஊற்றுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், ஒரு கரண்டி போல இன்னொரு கரண்டி இருப்பதில்லை.

முதல் நாள் நான் பழக்க தோஷத்தில் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். மறுநாள்தான் லேபிளைப் படித்தேன், ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாதாம். முன்பு ஒரு தடவை அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த சிரப் வாங்கியிருந்தோம், அதைக் கண்டிப்பாக ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று நேர் எதிர். கலந்த பிறகு இது 14 நாள்தான் தாங்கும் என்பதும் லேபிளில் இருந்தது. இதையெல்லாம் மருந்துக் கடையில் ஒரு வாய் வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

ருசி. இதற்கு நட்சத்திரமே கிடையாது. முதல் நொடி பழ வாசனை, அதன் பின்னால் இரும்பைச் சப்பினது போல ஒரு கசப்பு, அது போகவே போகாது. நானும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், மாலை வரை வாய் கெட்டுக் கிடந்தது. உள்ளே இருக்கிற சின்னச் சின்னக் குருணைகளுக்குக் கசப்பு தெரியாமல் இருக்க மேலே பூச்சு இருக்கிறது, குழந்தை அதைக் கடித்தால் பூச்சு உடைந்து போச்சு. ஆகவே கடிக்காமல் விழுங்கச் சொல்ல வேண்டும், ஆனால் 6 வயதுக் குழந்தையிடம் எதைக் கடிக்காதே என்கிறோமோ அதைத்தான் அது முதலில் கடிக்கும். சரி, இதெல்லாம் சின்ன விஷயம்.

பெரிய விஷயம் மூன்றாம் நாள் ராத்திரி. அதற்கு முந்தைய நாள் காலையிலேயே காய்ச்சல் விட்டிருந்தது, இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஐந்து வேளை மருந்து உள்ளே போயிருந்தது. ராத்திரி 2 மணி இருக்கும், எழுந்து உட்கார்ந்து போர்வையை நுள்ளிக்கொண்டே இருந்தாள். என்னடா என்று கேட்டால், "எறும்பு, சுவர் ஃபுல்லா எறும்பு" என்றாள். விளக்கைப் போட்டேன். சுவரில் ஒன்றும் இல்லை. அவள் கண் மட்டும் எதையோ பின்தொடர்ந்து மேலே போனது, கீழே வந்தது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டால் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "நீ எங்க அம்மா இல்ல" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, அழவும் இல்லை. அந்தக் குரல்தான் என்னைப் பயமுறுத்தியது.

கெட்ட கனவு என்று என் கணவர் சொன்னார். நானும் அப்படியே நம்பத்தான் ஆசைப்பட்டேன். குழந்தைகளுக்குத் தூக்கத்தில் வருகிற பயம் எனக்குத் தெரியும், போன வருடம் அவளுக்கு இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறது. அது தூங்கிய முதல் சில மணி நேரத்துக்குள் வரும், கத்துவாள், கண் திறந்திருக்கும் ஆனால் ஆள் விழித்திருக்க மாட்டாள், சில நிமிடத்தில் அடங்கிவிடும், காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. இது அப்படி இல்லை. முழுக்க விழித்திருந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், பேரைக் கேட்டால் பேரைச் சொன்னாள், ஆனால் எறும்பு மட்டும் போகவில்லை. காலையில் வெளிச்சத்தில் உட்கார்ந்து பால் குடிக்கும்போதும், "அது இன்னும் அங்க இருக்கு" என்று சுவரைக் காட்டினாள். அப்புறம் காரணமே இல்லாமல் ஒரு சிரிப்பு, நிற்காத பேச்சு.

அப்போதுதான் பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்தேன். இந்த ரிவ்யூவின் உண்மையான நாயகன் இந்தத் தாள்தான். பதினாறாக மடித்து, பாட்டிலுக்கு அடியில் செருகி, வெங்காயத் தோல் மாதிரித் தாளில், எறும்பை விடச் சின்ன எழுத்தில் (அன்றைக்கு எனக்கு வேறு உவமை தோன்றவில்லை) அச்சடித்திருந்தார்கள். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். பக்கவிளைவுகளை அது எவ்வளவு அடிக்கடி வரும் என்று வகை பிரித்துப் போடுவது வழக்கம். மிகச் சாதாரணம் என்றால் 10 பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ. சாதாரணம் என்றால் 100 பேரில் 1 முதல் 10 பேர் வரை. அதற்குக் கீழே 1,000 பேரில் 1 முதல் 10 பேர், அப்புறம் அரிது என்றால் 10,000 பேரில் 1 முதல் 10 பேர். தூக்கமின்மை, தலைவலி, ருசி மாறுதல் எல்லாம் 'சாதாரணம்' வரிசையில். பதற்றம், அதன் பக்கத்தில் 'அலறுதல்' என்று ஒரே ஒரு சொல், 1,000 பேர் கணக்கில். அலறுதல்! யார் அலறுவது, எப்போது, எத்தனை நேரம், அலறினால் பெற்றவர்கள் என்ன செய்வது, ஒரு வார்த்தை இல்லை.

தாளின் கடைசி மூலையில் 'அடிக்கடித்தன்மை தெரியவில்லை' என்று ஒரு தலைப்பு. அதன் கீழேதான் இல்லாதது தெரிவது, குழப்பம், தான் தானில்லை என்ற உணர்வு, இடம் ஆள் தெரியாமல் போவது, மோசமான கனவுகள், மிதமிஞ்சிய உற்சாகம், வலிப்பு எல்லாம் ஒரே மூச்சில் கமா போட்டு எழுதியிருந்தது. நான் அதைப் படித்து என்ன நினைத்தேன் தெரியுமா? 'தெரியவில்லை' என்றால் நிச்சயமில்லாத விஷயம், யாரோ எங்கோ சொன்னது, சட்டத்துக்குப் பயந்து போட்டு வைத்திருக்கிறார்கள் என்று. அதனால் காலை வேளை மருந்தையும் கொடுக்க சிரிஞ்சில் எடுத்துவிட்டேன். நல்ல வேளை, டாக்டருக்கு முதலில் போன் செய்துவிட்டுக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

அவர்தான் அந்தத் தலைப்புக்கு அர்த்தம் சொன்னார். அது 'நடந்ததா என்று தெரியவில்லை' இல்லையாம், நடந்திருக்கிறது. மருந்து விற்பனைக்கு வந்த பிறகு டாக்டர்களும் நோயாளிகளும் தாமாக எழுதி அனுப்பிய புகார்களில் வந்தவை அவை. எத்தனை பேர் மருந்து குடித்தார்கள், அதில் எத்தனை பேர் புகார் அனுப்பாமல் விட்டார்கள் என்று கணக்கு இல்லாததால், ஆயிரத்துக்கு இத்தனை என்று எண் போட முடியாது, அவ்வளவுதான். அதாவது உண்மைதான், எண்தான் இல்லை. இந்த ஒரு வரியைத் தாளில் புரிகிற மாதிரி எழுத என்ன செலவாகிவிடும்? என் ஒரு நட்சத்திரத்துக்குக் காரணம் இதுதான், எழுத்தின் அளவுகூட அதற்குப் பிறகுதான்.

போனில் அவர் கேட்ட கேள்விகளை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். காய்ச்சல் இப்போது எவ்வளவு? (இல்லை, ஒரு நாளுக்கு மேலாக.) கழுத்தைக் குனிய முடிகிறதா? வாந்தி இருக்கிறதா? எழுப்பினால் எழுகிறாளா, கை கால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைகிறதா, வெட்டி வெட்டி இழுத்ததா, தோலில் தடிப்பு உண்டா? வேறு என்ன மருந்து கொடுத்தீர்கள், குறிப்பாக இருமல் சிரப்? பழைய வகை அலர்ஜி மருந்து கலந்த இருமல் சிரப்கள் பெரியவர்களைத் தூங்க வைக்கும், சில குழந்தைகளை நேர் எதிராக ஆட்டி வைக்கும், அதனால் அந்தக் கேள்வி. நான் கொடுக்கவில்லை. கடைசியாக, பாட்டிலில் 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது, படியுங்கள் என்றார். என் கை நடுங்கியது அப்போதுதான். இந்தச் சிரப் 125 என்றும் 250 என்றும் இரண்டு வீரியத்தில் வருகிறது, பெட்டியில் அந்த ஒரு எண்தான் வித்தியாசம். மாற்றி வாங்கியிருந்தால் இரண்டு மடங்கு கொடுத்திருப்பேன். நல்லபடியாக 125 தான், அளவும் எடைக்குச் சரியாகத்தான் இருந்தது. சரியான டோஸிலும் இது வரலாம் என்பது அப்போது தெரிந்தது.

அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே கூட்டி வரச் சொன்னார். நேரில் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. மருந்தின் மேல் பழி போடுவது கடைசியில்தானாம். காய்ச்சல் ஏறினாலே சில குழந்தைகள் பிதற்றும், இல்லாததைப் பார்க்கும். 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் 100க்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலிலேயே வலிப்பு வருகிறது. மூளைக்காய்ச்சலும் இதே முகத்தோடுதான் வரும், இந்த மைக்கோபிளாஸ்மா கிருமியே கூட அபூர்வமாக மூளையைத் தொடும். 'நெட்டில் படித்தேன், ஆண்டிபயாடிக் பக்கவிளைவுதான்' என்று மருந்தை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால், உள்ளே வேறு ஏதாவது இருந்தால், போச்சு. ஆகவே என் ரிவ்யூவைப் படித்துவிட்டு யாரும் தானாக முடிவு செய்ய வேண்டாம். வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், கழுத்து விறைப்பு, நிற்காத வாந்தி, ஒரு பக்கம் பலவீனம், மூச்சுத் திணறல், இதில் ஒன்று இருந்தாலும் போன்கூட வேண்டாம், நேரே எமர்ஜென்சி.

என் மகளுக்கு அவை எதுவும் இல்லை. மருந்தை நிறுத்திவிட்டுக் கண்காணிப்போம் என்றார், மார்பு ஏற்கனவே தெளிவாகத்தான் கேட்டது. அன்று மாலை எறும்பு குறைந்தது. ராத்திரி ஒரே ஒரு தடவை எழுந்து சுவரைப் பார்த்தாள், பிறகு தூங்கிவிட்டாள். அடுத்த நாள் மதியத்துக்குள் முழுசாகப் பழைய ஆள். நிறுத்தியதும் போய்விடுவதே இது மருந்தின் வேலை என்பதற்கு ஒரு சாட்சியாம். இன்னும் உறுதியாக வேண்டும் என்றால் திரும்பக் கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் அதை எந்த டாக்டரும் என் குழந்தைக்குச் செய்யப் போவதில்லை, நான் விடவும் மாட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் இதைப் பற்றியே படித்தேன், டாக்டரிடமும் கேட்டுச் சரிபார்த்தேன். என் அதிர்ச்சி எனக்குத்தான் புதிது, மருத்துவத்துக்கு இது பழங்கதை. 1945லேயே பென்சிலினை நேரடியாக மூளையில் வைத்தால் வலிப்பு வருகிறது என்று பதிவாகிவிட்டது, பிறகு ஆய்வகங்களில் விலங்குகளுக்கு வலிப்பை வரவழைத்துப் படிப்பதற்கே பென்சிலினைப் பயன்படுத்தினார்கள். மூளைக்கு 'காபா' என்று ஒரு பிரேக் உண்டு, பென்சிலின் குடும்பம் அதிக அளவில் சேர்ந்தால் அந்த பிரேக்கைப் பிடிக்க விடாது. வாய் வழியாகக் குடிக்கிற சாதாரண அளவில் ஆரோக்கியமான குழந்தைக்கு இது கவலை இல்லை, சிறுநீரகம் சரியாக வேலை செய்யாமல் மருந்து உடம்பிலேயே தேங்கும்போதுதான் ஆபத்து. பென்சிலினுக்கு உறவான செஃபெபிம் என்ற ஊசிக்கு 2012ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டதே இதற்காகத்தான். அதில் வருகிற வலிப்பில் கை கால் இழுக்காது, ஆள் குழம்பிப்போய் வெறித்துப் பார்த்தபடி கிடப்பார், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற இ.இ.ஜி. எடுத்தால்தான் தெரியும்.

1959ல் ஊசி பென்சிலினில் ஒரு வகை போட்டவுடனே 'சாகப் போகிறேன்' என்ற பயத்தோடு இல்லாதது தெரிகிற நிலையை ஹாய்ன்யே என்ற மருத்துவர் விவரித்தார், அவர் பெயரிலேயே அது இன்றும் இருக்கிறது. 2002ல் ஆண்டிபயாடிக் குடித்து மிதமிஞ்சிய உற்சாகம் பிடித்துக்கொண்டவர்களைத் திரட்டிப் பார்த்தபோது முன்வரிசையில் நின்றது என் பாட்டிலில் இருந்த கிளாரித்ரோமைசினும் சிப்ரோஃப்ளாக்சசினும். 'ஆண்டிபயோமேனியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். காரணமில்லாத அந்தச் சிரிப்பு என் காதில் இன்னும் இருக்கிறது. 2016ல் வந்த ஒரு ஆய்வு ஆண்டிபயாடிக்குகளால் மூளைக்கு வருகிற தொந்தரவுகளை மூன்று விதமாகப் பிரிக்கிறது: பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகள் சில நாளில் வலிப்பும் தசைத் துள்ளலும் கொடுக்கும், கிளாரித்ரோமைசின் போன்றவை சில நாளில் மனப்பிரமை, மெட்ரோனிடசோல் வாரக்கணக்கில் குடித்த பிறகு தள்ளாட்டமும் குளறலும், அதற்கு எம்.ஆர்.ஐ.யிலேயே சிறுமூளையில் அடையாளம் தெரியும், நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும்.

சரியாகாத ஒன்றும் உண்டு, அதுதான் காது. ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள் உள்காதின் மயிரிழைச் செல்களைக் கொன்றுவிடலாம், அவை திரும்ப முளைக்காது. முதலில் கீச்சுச் சத்தங்கள்தான் கேட்காமல் போகும், பேச்சு கேட்கும், ஆகவே வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சிலருக்குத் தாய் வழியாக வருகிற 1555 என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணு மாற்றம் இருந்தால் சரியான அளவில் போட்டாலே செவிடாகலாம். அம்மா வழியில் யாருக்காவது ஊசி போட்ட பிறகு காது போன கதை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். ஆனால் பச்சைக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி பரவும்போது இந்த ஊசிதான் உயிரைக் காப்பாற்றுகிறது, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வலிப்பு மருந்து குடிக்கிற குழந்தைகளின் பெற்றோர் இந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள். கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்து குடிக்கிற குழந்தைக்கு கிளாரித்ரோமைசினோ எரித்ரோமைசினோ சேர்த்தால், கல்லீரல் கார்பமசெபினை உடைக்க முடியாமல் அது ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும், குழந்தை தூங்கி வழியும், தள்ளாடும், இரண்டு இரண்டாகத் தெரியும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து குடிக்கிற குழந்தைக்கு மெரோபெனம் என்ற ஆண்டிபயாடிக் ஊசி போட்டால் நேர் மாறு, வால்ப்ரோயேட் ஓரிரு நாளில் சரசரவென்று இறங்கிவிடும், அடங்கியிருந்த வலிப்பு திரும்பும். மருந்துச் சீட்டு எழுதுகிறவருக்கு வேறு டாக்டர் கொடுத்த மருந்து தெரியாமல் போவது சகஜம், ஆகவே பாட்டில்களையே பையில் போட்டுக் கொண்டு போய் மேஜையில் வையுங்கள்.

இந்தப் பக்கவிளைவைப் பற்றி நானும் புகார் பதிவு செய்தேன். மருந்து பெயர், வீரியம், பேட்ச் எண், ஆரம்பித்த நாள், தொந்தரவு தொடங்கிய நாள், நிறுத்திய நாள், பிறகு என்ன ஆனது, இவ்வளவுதான் கேட்டார்கள், பத்து நிமிட வேலை. பேட்ச் எண் பெட்டியில்தான் இருந்தது, அதைக் குப்பையிலிருந்து பொறுக்க வேண்டியிருந்தது, ஆகவே கோர்ஸ் முடிகிற வரை பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். 1968 முதல் உலக சுகாதார நிறுவனம் இப்படி நாடுகளிலிருந்து வருகிற புகார்களைச் சேர்க்கிறது, ஸ்வீடனில் உப்சாலாவில் எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேருகிறது. அந்த 'தெரியவில்லை' தலைப்புக்குக் கீழே என் மகளின் எறும்புகளும் இப்போது ஒரு வரி.

மறுபடி வாங்குவேனா? இந்தக் குழந்தைக்கு மாட்டேன், அவள் ஃபைலில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்கள், இதே குடும்பத்து மருந்து ஏதாவது எழுதும் முன் யோசிக்க வேண்டும் என்று. மற்றக் குழந்தைகளுக்கு டாக்டர் தேவை என்று சொன்னால் பயப்படாமல் கொடுக்கலாம், என் தங்கை மகன் இதே சிரப்பை முழு கோர்ஸ் குடித்தான், கசப்பைத் தவிர ஒரு புகாரும் இல்லை. எங்களுக்கும் காய்ச்சலை இறக்கியது, அதற்குத்தான் மூன்று நட்சத்திரம். சாதாரண சளிக்கு நாமாகக் கேட்டு வாங்குவது வேறு விஷயம், வைரஸ் சளிக்கு இது ஒன்றும் செய்யாது, கிடைப்பது பக்கவிளைவு மட்டும்தான்.

பாதி பாட்டில் மீதி இருந்தது, மருந்துக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன், சாக்கடையில் ஊற்றவில்லை. சிரிஞ்சை மட்டும் மகள் கொடுக்க மறுத்துவிட்டாள். பொம்மைக்குக் காய்ச்சலாம், தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் கொடுத்துவிட்டு அதன் காதில் கேட்கிறாள், "எறும்பு தெரியுதா?"